ஊர் மாறும் கணக்கில் நம் பங்கு

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் சித்தி மகள் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஒரு பக்கம் ‘இங்க’, மறுபக்கம் ‘திருப்பூர்’. கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணே, ரெண்டு பேரும் உக்காந்து எழுதிப் பாத்தோம். நீங்க இருவத்தஞ்சு வருஷமா அங்க இருக்கீங்க. எது விட்டுப்போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள முடிவு பண்ணணும்.”

‘இங்க’ பக்கத்தில் சொந்த வீடு, வாடகை இல்லை, வாசலில் நின்றால் தெரிகிற பள்ளிக்கூடம், மாமியார், கொஞ்சம் குத்தகை நிலம். அதே பக்கத்தில் குறைகளும் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தபின் கூலி வேலை வருஷத்தில் சில வாரம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அந்த வருஷம் வாங்கிய கடன் இன்னும் முழுதாக அடையவில்லை.

‘திருப்பூர்’ பக்கத்தில் முதல் வரி பெரிய எழுத்தில்: ரெண்டு பேர் சம்பளம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அதன்கீழே முழுக்கக் கழித்தல் குறிகள். வீட்டு அட்வான்ஸ். வாடகை. கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். டி.சி. கிடைக்குமா, நடு வருஷத்தில் சேர்ப்பார்களா. எட்டரைக்குக் கம்பெனி என்றால் பிள்ளைக்குக் காலையில் யார் சோறு போடுவது. மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை யார் வாங்கித் தருவது. கடைசி வரி: ‘அங்க யாரும் இல்ல’.

அந்தத் தாளை நான் பல நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போவதா இருப்பதா என்பது அவளும் அவள் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. அதில் எனக்கு வேலையில்லை. ஆனால் அந்த வரிகளில் பாதியை எழுதியவர்கள் அவர்கள் இல்லை. மின்கட்டணத்தை எட்டு ரூபாயாக வைத்தது திருப்பூரில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர். டி.சி. பற்றிய பயத்தை உண்டாக்கியது ஏதோ ஒரு பள்ளி அலுவலகம். மாமியாரை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கிராமத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் இடம் மாறும்போது ஏற்படும் நட்டத்தை அந்தக் குடும்பமே சுமக்கட்டும் என்று அனுப்பும் ஊரும் அழைத்துக்கொள்ளும் ஊரும் சேர்ந்து விட்டுவிடுகிறோம். அதை மாற்ற வேண்டிய பொறுப்பும் நம் இருவருக்கும்தான்.

இது யாரோ சிலருடைய கதை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் முன்பு இருந்த இடத்தைவிட்டு வேறிடத்தில் வாழ்ந்தார்கள். அவர்களில் மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் ஏறத்தாழ 5.4 கோடி. மற்றவர்கள் மாவட்டத்துக்குள்ளும் மாநிலத்துக்குள்ளும் நகர்ந்தவர்கள். இந்த எண்ணிக்கையில் ஒரு பெரும்பகுதி, திருமணமாகிப் போன பெண்கள். நம் வீடுகளில் அதை இடப்பெயர்வு என்று யாரும் சொல்வதில்லை. பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணும் ஊர், பழக்கம், தோழி, சில சமயம் படிப்பு, வேலை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாள்; அவளுக்குக் கோடு போட்டுக் கணக்குப் பார்க்க ஒரு தாள்கூடக் கொடுக்கப்படவில்லை. என் தங்கை ஒருமுறை அப்படி மாறியவள்தான். இரண்டாம் முறையாவது உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறாளே என்பதில் எனக்கு நிறைவு.

அரசு எல்லோருக்கும் பொதுவாக எடுத்த முடிவுகள் அந்தத் தாளிலிருந்து சில வரிகளை ஏற்கெனவே அடித்துவிட்டன. அதை நான் அவளுக்கு முதலில் சொன்னேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக, மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகனுக்குக் காலைச் சோறு பள்ளியில் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். கம்பெனிக்குப் போய்வரும் செலவு அவளுக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. “அத்தை பேர் அதுல இருக்கான்னு கேளு” என்றேன். இருக்கிறதாம். மாத்திரை வாங்கிவர மருமகள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்கு அதுவரை உறைக்கவில்லை. இந்த மூன்று திட்டங்களையும் ஊர் மாறுகிறவர்களுக்காக என்று யாரும் கொண்டுவரவில்லை. ஆனாலும் ஊர் மாறுகிறவர்களின் கழித்தல் குறிகளை அவை போல எதுவும் அழித்ததில்லை.

மீதி வரிகளுக்கு வருகிறேன்.

கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கும் நான்கு லைன் வீடுகள் இருக்கின்றன. நானும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்தான் வாங்கிவந்தேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நான்கு வீட்டுக்கும் ஒரே இணைப்பை வைத்து உள்ளே சப்-மீட்டர் போட்டால் அந்தச் சலுகை ஒரு வீட்டுக்குத்தான் வரும், யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். அந்த ஏற்றத்தை வாடகைக்கு இருப்பவர் தலையில் வைப்பது இந்த ஊரில் வழக்கம் என்பதால் நானும் யோசிக்காமல் செய்துவந்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்ததில்லை. வாடகைக்கு விடும்போது எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம். ஒப்பந்தம் கையில் இல்லாதவருக்கு ஆதார் முகவரி மாற்றம் சிக்கல், கேஸ் சிக்கல், வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்கான படிவம் 8 கொடுப்பதும் சிக்கல். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் வந்தபோது எங்கள் தெருவில் பார்த்தேன்: பத்து வருஷமாக இங்கே உழைக்கிறவர்கள் ஓட்டை ஊரில் வைத்திருந்தார்கள், ஊரில் படிவம் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. ஒரு வார்டில் பாதிப் பேருக்கு ஓட்டில்லை என்றால் அந்த வார்டின் குழாயில் தண்ணீர் வராதது யாருக்கும் அவசரமாகத் தெரியாது. அந்தத் தண்ணீர் பழைய குடியிருப்புக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் வராமல் போகிறது.

பள்ளி விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். நடப்பில் என்ன ஆகிறது? பழைய பள்ளி ‘எமிஸ்’ என்ற மாணவர் பதிவுத் தளத்தில் பெயரை விடுவிக்கவில்லை என்று பத்து நாள் போகும். கூலிக்காரக் குடும்பம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் பள்ளிக்கு வரும். தலைமையாசிரியர் மீட்டிங்கில் இருப்பார். மறுபடி வரச் சொல்வார்கள். மூன்றாம் முறை அவர்கள் வருவதில்லை. பையன் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பான், பிறகு எங்காவது பீஸ் அடுக்கிக்கொண்டிருப்பான். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். பழைய பள்ளித் தலைமையாசிரியர் ஒரு போன் செய்தால் போதும்.

கம்பெனிக்காரர்கள் பங்கு இதைவிடப் பெரியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். வெளி மாவட்டங்களிலிருந்து மின்னணு ஆலைக்கு வேலைக்கு வந்த இளம்பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது. கேரளத்தில் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ‘அப்னா கர்’ என்ற விடுதியை அந்த மாநில அரசு 2019-லேயே நடத்தத் தொடங்கியிருந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், அவர்கள் எங்கே தூங்குவார்கள் என்பது எங்கள் கவலை இல்லை என்று ஒரு தொழில் நகரம் நெடுநாள் சொல்ல முடியாது. பெண்கள் சாலைக்கு வருகிறவரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஆபத்தையும் தங்கைக்கு மறைக்காமல் சொன்னேன். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இந்த ஊரிலிருந்து மூட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது அவர்கள் அல்ல. 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கிய கம்பெனிகள் உண்டு. ஒரு ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் கடனும் சேர்ந்து கட்ட முடியாது. ஊரின் நல்ல காலத்தில் பங்கு கேட்காதவர்கள், கெட்ட காலத்தில் முதல் பங்கை வாங்குகிறார்கள். அதனால் குத்தகை நிலத்தை முதல் வருஷம் விட்டுவிட வேண்டாம், யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல் என்றேன்.

என் தங்கைக்கு ஒரே மொழி, ஒரே மாநில ரேஷன் கார்டு, விடிந்தால் ஊரில் இறக்கிவிடும் செம்மொழி எக்ஸ்பிரஸ், நான் ஒருவன். தன்பாத் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து திருப்பூரில் இறங்குகிற ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளின் தாளில் கழித்தல் குறிகள் இதைவிட அதிகம். நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆனவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் 2018-லும் சொல்லிவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. மத்தியத் தொகுப்பின் தானியம் வெளிமாநில அட்டைக்கும் கிடைக்கும், நம் பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பந்தக்காரர் வழி வரும் தொழிலாளிக்கு இருந்த இடப்பெயர்வுப் படி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இல்லை.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பலர் பயந்து ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து இங்கும் கோவையிலும் தொழிலாளர்களிடம் பேசியது. நம் காவல்துறை உதவி எண் கொடுத்தது. பொய் என்று தெளிந்தது நல்லது. ஆனால் அப்படியொரு பொய் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பப்பட்டது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. ‘வடக்கன்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல்லைத் தினமும் கேட்பவருக்கு அந்தக் காணொளி பொய்யாகத் தோன்றியிருக்காது.

தமிழர் ஆட்களை அழைத்துக்கொள்ளும் பக்கம் மட்டும் நின்றவர்கள் அல்லர். டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் ‘மதராசி கேம்ப்’ 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கு மட்டும், பிழைப்பிடத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் நரேலாவில் மாற்றுவீடு என்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே எத்தனை பேர் வேதனைப்பட்டோம். அந்த வேதனை நம் ஊரின் லைன் வீடுகள் வரை வர வேண்டும்.

பழைய குடியிருப்புக்காரர்களின் குறையையும் தள்ளிவிட முடியாது. வாடகை ஏறிவிட்டது, பள்ளியில் இடமில்லை, வாரம் ஒருமுறைதான் தண்ணீர் என்கிறார்கள். உண்மை. ஆனால் காரணம் வந்தவர்கள் அல்ல. அவர்களை எண்ணாமல் விட்டது. இன்றும் குழாயும் வகுப்பறையும் 2011 கணக்கை வைத்தே திட்டமிடப்படுகின்றன. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் நடக்க இருக்கிறது. அன்றைக்கு இருக்கிற ஊரிலேயே தங்கள் பெயரைக் கொடுக்கும்படி வாடகைக்கு இருப்பவர்களிடம் வீட்டுக்காரர்கள் சொன்னால், அதில் இரு தரப்புக்கும் லாபம்.

அனுப்பும் ஊர்களுக்கும் வேலை இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்த வீடு பூட்டியிருக்கிறது, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பது ஊராட்சியில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பதிவேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்க மகளிர் குழுவில் யாரையாவது பொறுப்பாக்கினால், ‘அத்தையை யார் பார்ப்பது’ என்ற வரி அடிபடும். தங்கையின் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை. மே ஒன்றாம் தேதிக் கூட்டத்தில் அவள் கணவர் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான்கு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அது வரும்வரை பில்லில் வருவதை நான்காகப் பிரித்து வாங்குகிறேன். ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் வீட்டில் இருக்கும் ஒடிசாப் பையன் அதை வாங்கி இரண்டு முறை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். தங்கையிடம் அந்தத் தாளைத் திருத்தி அனுப்பச் சொன்னேன். நேற்று வந்தது. எட்டு ரூபாய் வரி அடிக்கப்பட்டிருந்தது. காலைச் சோறும் மாத்திரையும் அடிக்கப்பட்டிருந்தன. ‘அங்க யாரும் இல்ல’ என்ற வரியைப் பாதி வரை அடித்து, பிறகு பேனாவை எடுத்துவிட்டிருக்கிறாள்.