வானளாவிய அதிகாரம் என்னும் மாயை

2020 ஜனவரி 4 ஆம் நாள் பி.எச். பாண்டியன் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு தொடர் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்று முழங்கியவர் அவர் என்பதே அது. இன்றும் நம் பந்தல்குடித் தேநீர்க் கடைகளில் சட்டமன்றச் செய்தி ஏதேனும் பேச்சில் விழுந்தால், அத்தொடரை ஒருவர் எடுத்துவிடுகிறார். எடுத்துவிடுபவர் குரலில் கண்டனம் இருப்பதில்லை. ‘அப்படி ஒரு ஆள் இருந்தான்யா’ என்ற வியப்பே மிகுதி. இலக்கிய இதழ்களைப் படிப்போர், எழுதுவோர் நடுவிலும் இவ்வியப்பு இருப்பதைக் காண்கிறோம். அதை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் மனிதரைப் பற்றி. நெல்லைச் சீமையைச் சேர்ந்த பாண்டியன் தொழிலால் வழக்கறிஞர். 1977 தொடங்கிச் சேரன்மகாதேவித் தொகுதியில் தொடர்ந்து வென்றவர். துணைத் தலைவராக இருந்து 1985 இல் பேரவைத் தலைவரானார்; 1989 வரை அப்பதவியில் நீடித்தார். துணிவு அவரிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1989 தேர்தலில் ஜானகி அணி ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்ட போதும் அவ்வணியில் நின்று வென்றவர். 2017 பிப்ரவரியில் சசிகலாவுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியவர். ஆனால் ஒருவருடைய துணிவை அவர் வகித்த பதவிக்கான இலக்கணமாக ஆக்கிவிட முடியாது.

1987 ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்போரில் எவர் உறுப்பினர், எவர் அமைச்சர் என்ற கேள்விக்குத் திருடர்களின் வகையைக் கொண்டு அடையாளம் சொன்ன துணுக்கு அது. பேரவை சினந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானித்து, ஏப்ரல் மாதத்தில் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் சூட்டில் சில நாள்களிலேயே விடுவித்தார்கள். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1977 இல் அவரை வெற்றிபெறச் செய்து கோட்டைக்கு அனுப்பியது நம் அருப்புக்கோட்டைத் தொகுதி என்பதால், இக்கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பாலசுப்ரமணியன் பின்னர் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். இழப்பீடாகக் கிடைத்த ஆயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் சட்டமிட்டு அலுவலகத்தில் மாட்டிவைத்தார்.

இந்நிகழ்ச்சியை ‘விகடன் வென்ற கதை’ என்று முடித்துவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் வென்றது யார்? பல இலட்சம் வாசகர்களும், வழக்கறிஞர்களை அமர்த்தும் வசதியும் உடைய ஒரு நிறுவனம். அதே எண்பதுகளில் ‘வணிக ஒற்றுமை’ என்ற இதழின் ஆசிரியருக்கும் பேரவை சிறைத்தண்டனை விதித்தது. அவருக்காக நாடு கொதித்ததாக எவரும் சொல்வதில்லை. அவர் பெயரும் நம்மில் பலருக்குத் தெரியாது. முந்நூறு படிகள் அச்சிட்டு, அஞ்சல் தலையைக் கைக்காசில் ஒட்டி அனுப்பும் சிற்றிதழ் ஆசிரியர் எவர் பக்கம் நிற்கிறார்? விகடன் பக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மெய்யாக அவர் நிற்பது ‘வணிக ஒற்றுமை’யின் பக்கம்.

பாண்டியன் வழக்கறிஞர், சட்டம் அறிந்துதான் பேசினார் என்பாரும் உளர். சட்டம் சொல்வதைப் பார்ப்போம். அரசமைப்பின் 194 ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் உரிமைகளைச் சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்றும், அதுவரை இங்கிலாந்தின் மக்களவைக்கு இருந்த உரிமைகளே செல்லும் என்றும் 1950 இல் சொன்னது. 1978 ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கிலாந்தின் பெயரை எடுத்ததே ஒழிய, உள்ளடக்கத்தை மாற்றவில்லை. ‘அதுவரை’ என்ற இடைக்கால ஏற்பாடு முக்கால் நூற்றாண்டாக இடைக்காலமாகவே கிடக்கிறது. வரையறுத்தால் எல்லை தெரிந்துவிடும். எல்லை தெரிந்தால் வானம் சுருங்கிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நாம் கடன் வாங்கிய இங்கிலாந்து மக்களவையோ 1880 க்குப் பிறகு எவரையும் அடைத்துவைக்கவில்லை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் தன் உரிமைகளைச் சட்டமாக எழுதிக்கொண்டது. அவையை இழித்துப் பேசுவது, எழுதுவது மட்டுமே குற்றமாகாது என்றும் அதில் சேர்த்தது. அச்சட்டம் பிறந்த ஆண்டு 1987. நாம் ஓர் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பிய அதே ஆண்டு.

அந்நாட்டுக் கதைகள் நமக்கு எதற்கு என்பாருக்கு நம் காப்பியத்தையே காட்டுவோம். சிலம்பில் பாண்டிய மன்னன் செய்த பிழையை ‘ஆராயாமல் தீர்ப்பளித்தான்’ என்று வகுப்பறையில் சொல்லிக் கடந்துபோகிறோம். அதனடியில் வேறொரு பிழை கிடக்கிறது. காணாமற்போனது அரசியின் சிலம்பு. வழக்குத் தொடுத்தது அரண்மனை. தீர்ப்புச் சொன்னதும் அரண்மனை. வாதியே நீதிபதியாக அமர்ந்த இடத்தில்தான் கோவலன் தலை விழுந்தது. அவமதிக்கப்பட்டதாகக் கருதும் அவையே குற்றம் சாட்டி, அவையே விசாரித்து, அவையே தண்டிக்கும் உரிமைமீறல் நடைமுறை இதனின்று எவ்வகையில் வேறு? ஒரு வேறுபாடு உண்டு. பிழையை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர்விட்டான். நம் பேரவைகளுக்கோ அதுவே முன்னுதாரணம் ஆயிற்று.

முன்னுதாரணம் என்று சொல்லக் காரணம் உண்டு. 1992 இல் சேடப்பட்டி முத்தையா தலைவராக இருந்தபோது இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி இதழின் செய்தியாளர் கே.பி. சுனில்மீது பிடியாணை பிறந்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2003 நவம்பர் 7 அன்று ‘தி இந்து’ நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று பேரவை தீர்மானித்தது. மூன்றாம் நாளே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அன்று தலைவர் நாற்காலியில் இருந்தவர் கா. காளிமுத்து: நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர், தமிழில் முனைவர், மேடையைக் கட்டி ஆண்டவர். வழக்கறிஞர் அமர்ந்தபோது நேர்ந்தது தமிழறிஞர் அமர்ந்தபோதும் நேர்ந்தது. தமிழ் கற்றவர், கற்பிப்பவர் என்ற முறையில் நமக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தைக் கரைத்துக் குடித்தவர்களாலும் அந்நாற்காலியில் துலாக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

இதழ்களோடு இது நிற்பதும் இல்லை. 1986 இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசமைப்பின் மொழிப் பகுதியை எரித்தமைக்காக, க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தனர். 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அமைச்சரவை நம்பிக்கை கோரியபோது அவைக்குள் அடிதடி மூண்டது. காவலர் நுழைந்து தடியடி நடத்தினர். இரு நாளில் ஆட்சி கலைந்தது. இவ்விரு நாள்களிலும் தலைவர் பாண்டியனே. வானளாவிய அதிகாரத்தால் ஓர் அவையில் நான்கு சுவருக்குள் அமைதியை நிலைநாட்ட முடியவில்லை. 1992 இல் உச்ச நீதிமன்றம் கட்சித்தாவல் வழக்கில், உறுப்பினரின் தகுதியைப் பற்றிச் சபாநாயகர் அளிக்கும் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று தெளிவாக்கிவிட்டது. வானத்துக்கும் மேற்கூரை போட்டாயிற்று.

இன்னொரு வழக்கறிஞரைப் பார்க்கலாம். 1642 இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ் படையோடு மக்களவைக்குள் நுழைந்து, ஐந்து உறுப்பினர்கள் எங்கே என்று சபாநாயகர் வில்லியம் லெந்தாலிடம் கேட்டான். லெந்தாலும் வழக்கறிஞரே. மண்டியிட்ட அவர், அவை ஆணையிட்டாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற பொருள்பட விடை கூறினார். அந்நாற்காலியின் பெருமை முழுவதும் அவ்விடையில் இருக்கிறது. தமக்கென அதிகாரம் ஏதுமில்லை என்று சொன்னவர் மன்னனைத் திருப்பி அனுப்பினார். தமக்கு வானளவு உண்டென்று சொன்னவர்கள் பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

சபாநாயகர் என்பது தில்லைக் கூத்தனின் பெயர். அங்கே திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. அது மெய்யன்பர்க்கு இரகசியம். இங்கே திரையை விலக்கினாலும் வெட்டவெளிதான். எழுதப்படாத ஒரு சட்டத்தின் வெட்டவெளி. அதனை எழுதுங்கள் என்று கேட்பதே நம் வேலை. சட்டமன்றத்தின் உரிமைகள் வரையறுக்கப்பட வேண்டும். கேலியும் கண்டனமும் உரிமைமீறல் ஆகா என்று அதில் பொறிக்கப்பட வேண்டும். அதுவரை ‘வானளாவிய’ என்ற அடையைக் கோபுரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். வாக்குப் பெற்று வந்தவர்களின் நாற்காலிக்கு அதைச் சூட்டிப் புகழ்வதை, எழுதுகிற நாமாவது நிறுத்துவோம்.