"தானாக ஃபோகஸ் மாறும்" லென்ஸும் நம் உம்மா வாப்பாவின் கண்ணும்



நீளமான பதிவு. உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ கண் ஒப்பரேஷன் செய்ய யோசிப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணில் படலம் விழுந்தவர்களுக்கு இப்போது கமெரா மாதிரித் தானாகவே ஃபோகஸ் மாறும் லென்ஸ் வந்திருக்கிறதாம். கிட்டவும் தெரியுமாம், தூரவும் தெரியுமாம், மௌத்தாகும் வரை கண்ணாடியே தேவையில்லையாம். அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக வைப்பது "பழைய சாமானாம்". பெற்றோர் மீது பாசமுள்ள பிள்ளைகள் காசைப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பதிவு முடிகிறது.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவத் தகவல் பிழையென்றால் திருத்திவிடலாம். பிள்ளையின் பாசத்தை லென்ஸின் விலையால் அளக்கச் சொன்னால், வசதியில்லாத வீட்டில் அது எங்கே போய் நிற்கும்? தங்கச்சியின் நகை ஈட்டுக் கடைக்குப் போகும். கத்தாரில் இருக்கும் தம்பி இந்த வருடமும் லீவில் வரமாட்டான். இல்லாவிட்டால், "காசு சேரட்டும்" என்று உம்மா இன்னும் ஒரு வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பா.

நான் டொக்டர் இல்லை. ஓ.எல். வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் இதன் அடிப்படை நம் பிள்ளைகளின் பாடத்திலேயே இருக்கிறது. பிறவியில் நமக்குள்ள கண்வில்லை மெதுவானது. அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கினால் வில்லை தடித்துக் கிட்டப் பொருள் தெரியும். தசை தளர்ந்தால் வில்லை தட்டையாகித் தூரம் தெரியும். நாற்பது வயது தாண்டும்போது வில்லை இறுகிவிடுகிறது. பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து இதனால் வருவதுதான். பின்னர் அதே வில்லை கலங்கிப் போவதுதான் கண்புரை. நம் ஆட்கள் படலம் என்றும் கட்டரக்ட் என்றும் சொல்வது. ஒப்பரேஷனில் கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள்.

அந்தக் குரல் பதிவில் மூன்று வேறு வேறு சாமான்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. இதைப் பிரித்து விளங்கிக்கொண்டால் ஏமாறமாட்டீர்கள்.

ஒன்று, கண் தசையின் அசைவோடு சேர்ந்து முன்பின் நகர்ந்து ஃபோகஸ் மாற வேண்டும் என்று செய்யப்பட்ட லென்ஸ். கிரிஸ்டலென்ஸ் என்ற ஒன்றுக்கு அமெரிக்காவில் 2003இலேயே அனுமதி கிடைத்தது. கீல் வைத்த கதவு மாதிரி அதன் இரு பக்கமும் வளையும். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் கண்ணுக்குள் அளந்து பார்த்தபோது அது நகரும் தூரம் மிகவும் சொற்பம். ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்தப் பை நாளடைவில் சுருங்கி இறுகுவதும் இயல்பு. இறுகிய பைக்குள் கீல் எப்படி அசையும்? உண்மையாகவே வடிவம் மாறுகிற, உள்ளே திரவம் நிரப்பிய லென்ஸ்களை ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்கள். அவை வெற்றி பெறட்டும். ஆனால் ஆய்வில் இருப்பதைக் காட்டி இன்று நம்மிடம் காசு கேட்கக் கூடாது.

அடுத்தது, ஒளியால் பவரைத் திருத்தும் லென்ஸ். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. இதன் பின்னால் இருந்த இருவரில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இரசாயனவியலாளர் ரொபர்ட் கிரப்ஸ். ஒப்பரேஷன் முடிந்து சில வாரங்களில் குறிப்பிட்ட புற ஊதா ஒளியைப் பாய்ச்சி லென்ஸின் பவரைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். சரியான அளவு வந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள். பூட்டும் வரை வெயிலின் புற ஊதாக் கதிர் படாமல் தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பூட்டிய பிறகு அதுவும் மற்ற லென்ஸ் மாதிரித்தான், மாறாது. கெட்டித்தனமான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் பவரை மாற்றுகிறவர் டொக்டர், அதுவும் ஒப்பரேஷன் முடிந்த முதல் சில வாரங்களுக்குள். "அட்ஜஸ்ட் பண்ணலாம்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு "தானாக மாறும்" என்று பரப்புகிறார்கள். தையல்காரர் ஒரு தடவை அளவு திருத்திக் கொடுத்த சட்டை, போடுகிற ஆளுக்கெல்லாம் தானாகப் பொருந்துமா?

மூன்றாவதுதான் நம் பக்கத்தில் "பிரீமியம்" என்று பெரும்பாலும் காட்டப்படுவது. மல்டிஃபோக்கல். இதில் எதுவும் அசையாது, எதுவும் மாறாது. லென்ஸில் உள்ள வளையங்கள் உள்ளே வரும் ஒளியைப் பங்கு போடுகின்றன, ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு கிட்டத்துக்கு. எதைப் பார்ப்பது என்று மூளை பழகிக்கொள்ள வேண்டும். பலர் பழகிக்கொள்கிறார்கள், சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். ஆனால் ஒளியைப் பங்கு போட்டால் தெளிவில் ஒரு பங்கு போகத்தான் செய்யும். மங்கல் வெளிச்சத்தில் பார்வையின் துலக்கம் குறையும். இரவில் எதிரே வரும் வாகன லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். இரவில் லொறி ஓட்டுகிறவர், த்ரீவீலர் ஓட்டுகிறவர், கடலுக்குப் போகிறவர் இதை ஒப்பரேஷனுக்கு முதலே தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா? பணம் கட்டிய பிறகு கையெழுத்து வாங்கும் தாளில் சின்ன எழுத்தில் இருந்தால் போதுமா? படலம் விழுந்த மனுஷன் அந்தச் சின்ன எழுத்தை எப்படி வாசிப்பார் என்று யாராவது யோசித்தார்களா?

இதைவிட முக்கியமான ஒன்று. சீனி வருத்தத்தால் விழித்திரை கெட்டிருப்பவருக்கும், கண் அழுத்த நோய் முற்றியவருக்கும் ஒளியைப் பங்கு போடும் லென்ஸை வைக்கப் பொதுவாகக் கண் வைத்தியர்களே விரும்புவதில்லை. ஏற்கெனவே பழுதான விழித்திரைக்குக் குறைந்த ஒளியை அனுப்பி என்ன பயன்? நம் ஊரில் ஐம்பது தாண்டிய எத்தனை பேர் சீனி இல்லாமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. கலியாண வீட்டு சஹனைப் பார்த்தாலே தெரியும். ஆகவே "பிரீமியம்" என்று காட்டப்படும் இந்த லென்ஸ், நம் ஆட்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குப் பொருத்தமே இல்லாத லென்ஸ்.

இப்போது "பழைய சாமான்" கதைக்கு வருகிறேன்.

லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதல் லென்ஸை வைத்தது 1949 நவம்பரில். யுத்த விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த விமானக் கூரைப் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணை அழற்சியாக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான் அந்தப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தார். கூட இருந்த பெரிய வைத்தியர்களே பல வருடம் அவரை எதிர்த்தார்கள். அன்று அவர் வைத்தது ஒரே தூரத்துக்கு ஃபோகஸ் ஆகும் லென்ஸ். இன்று உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு வைக்கப்படுவதும் ஒரே தூர லென்ஸ்தான், மொனோஃபோக்கல். ஏழைகளுக்கென்று ஒதுக்கிய தரம் என்று நினைக்க வேண்டாம், பிரித்தானியாவில் அரச வைத்திய சேவையும் பொதுவாக இதைத்தான் வைக்கிறது.

இந்த லென்ஸ் மலிவானதற்கும் ஒரு கதை இருக்கிறது. நம்மூரில் பலர் கண் காட்டப் போன மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள், வெளிநாட்டு லென்ஸ் சுமார் நூறு டொலர் விற்ற காலத்தில், 1992இல் ஒரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கிப் பத்து டொலர் அளவுக்கு விலையை இறக்கினார்கள். விலை இறங்கியதால்தான் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான ஏழைகள் பார்த்தார்கள். விலை குறைந்ததைச் சாமான் குறைந்ததாகக் காட்டுவது வியாபாரிகளின் வேலை.

"அரச ஆஸ்பத்திரியில் வைத்த லென்ஸ் ரெண்டு வருஷத்தில் பழுதாகிவிட்டது, திரும்பப் படலம் வந்துவிட்டது" என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. லென்ஸ் அப்படியேதான் இருக்கும். அதன் பின்னால் உள்ள பையின் சவ்வு சிலருக்கு நாளடைவில் மங்கும். எத்தனை இலட்சம் கொடுத்த லென்ஸுக்கும் இது வரலாம். கிளினிக்கில் லேசர் கதிரால் சில நிமிடத்தில் துளை போட்டுச் சரி செய்கிறார்கள். இதைக் கேட்டுத் தெரியாமல் "பழுதான லென்ஸோடு" உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

சரி, கிட்டப் பார்வைக்கு என்ன வழி? "உம்மா ஸுபஹுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் குர்ஆன் ஓத வேண்டும் என்று ஆசைப்படுகிறா, அதற்குத்தான் பெரிய லென்ஸ்" என்று ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னா. நியாயமான ஆசை. ஆனால் அதற்குச் சாதாரண லென்ஸே போதும். மொனோஃபோக்கல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான், ஆனால் எந்தத் தூரம் என்பதை ஒப்பரேஷனுக்கு முன்பு தீர்மானிக்கலாம். பொதுவாகத் தூரத்துக்கு வைப்பார்கள். வீட்டை விட்டு அதிகம் போகாத, ஓதுவதும் தைப்பதுமாக இருக்கும் ஒரு மூத்தம்மாவுக்கு வாசிக்கும் தூரத்துக்கே பவர் தெரிவு செய்யலாம். தூரம் பார்க்க மட்டும் கண்ணாடி போட்டால் சரி. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை ஓரளவு கிட்டத்துக்கும் வைப்பதும் உண்டு. எல்லோருக்கும் ஒத்து வராது, வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டால்தானே சொல்வார்? நாம் வரிசையில் நின்று, தலையை ஆட்டிவிட்டு, வெளியில் வந்து பக்கத்து வீட்டு நானாவிடம் கேட்கிறோம்.

பெயரைவிடப் பெரிய விஷயம், கண்ணின் நீளத்தையும் முன்புற வளைவையும் எவ்வளவு சரியாக அளக்கிறார்கள் என்பது. அளவு பிழைத்தால் உலகத்தின் விலை கூடிய லென்ஸும் மங்கல்தான். அளக்கும் நாளில் வாப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். கண் வளைவில் கோணல் அதிகம் உள்ளவர்களுக்கு அதைத் திருத்தும் தனி லென்ஸ் உண்டு. வசதியுள்ளவர், வைத்தியர் காரணம் சொல்லிப் பரிந்துரைத்தால், அதற்குச் செலவழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. மல்டிஃபோக்கலும் அப்படித்தான். காசு இருக்கிறது, விழித்திரை நல்லாயிருக்கிறது, இரவு வட்டங்களைப் பற்றித் தெரிந்தே சம்மதிக்கிறார் என்றால் அது அவர் விருப்பம். நான் எதிர்ப்பது, இல்லாதவனை வெட்கப்படுத்தி விற்பதை.

அந்த வெட்கம் என்ன செய்யும் என்று சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மூத்தம்மாவுக்கு அரச ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்திருந்தது. ஒரு தனியார் இடத்தில் "அதை வைத்தால் கடைசி வரை கண்ணாடிதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். மகன்மார் திகதியை விட்டுவிட்டுக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள். பதினான்கு மாதம். அதற்குள் அந்த மனுஷி கிணற்றடியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டா. படலமும் முற்றிக் கல்லாகிவிட்டது. முற்றிய படலத்தை எடுப்பது கடினம், சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நிரந்தரமாகவே பார்வை போகும் ஆபத்தும் உண்டு. வாசிப்புக் கண்ணாடி ஒன்றைத் தவிர்க்கப் போய் நடந்தது இது.

பள்ளி நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை. "கண் பார்வை போகப் போகிறது, உதவுங்கள்" என்று சொல்லி பிரீமியம் லென்ஸுக்கு வசூல் நடப்பதை இந்த வருடம் இரண்டு தடவை பார்த்தேன். கேட்ட குடும்பத்தைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஜும்ஆவில் அறிவிக்க முன்பு, இலவசமாகச் செய்யக்கூடியதா என்று கண் பிரிவில் ஒருவரை அனுப்பி விசாரியுங்கள். அந்தக் காசில் எத்தனை பெரியவர்களை வேனில் ஏற்றி, கூட ஒரு ஆளையும் அனுப்பி, மூன்று தடவை கிளினிக்குக்குக் கொண்டுபோய் வரலாம் என்று கணக்குப் பாருங்கள். நம் ஆட்களில் பலருக்கு ஒப்பரேஷன் தள்ளிப் போவது லென்ஸ் இல்லாமல் அல்ல, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல்.

2023ஐ ஞாபகப்படுத்துவீர்கள், தெரியும். நுவரெலியாவிலும் கொழும்பு கண் ஆஸ்பத்திரியிலும் ஒப்பரேஷன் செய்தவர்களின் பார்வை பாதிக்கப்பட்டது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அங்கே குற்றம் சாட்டப்பட்டது இறக்குமதி செய்த சொட்டு மருந்து. லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை கூடிய லென்ஸ் வைத்தவருக்கும் ஒப்பரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்துதானே போடுவார்கள்? நெருக்கடிக் காலத்தில் போல "லென்ஸ் இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள்" என்று சொன்னால், சாதாரண மொனோஃபோக்கல் எந்தப் பவர் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் வேறொன்றைக் காட்டினால் திரும்ப வாட்டுக்கு வந்து கேளுங்கள்.

"சேர், உங்களுக்கு என்றால் எதை வைப்பீர்கள்?" என்று கொமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: சாதாரணத்தையே, தூரத்துக்கு. பரீட்சைத் தாள் திருத்த இப்போதும் கண்ணாடிதான் போடுகிறேன், அப்போதும் போடுவேன்.

அடுத்த மாதக் கண் கிளினிக்குக்கு எங்கள் பழைய மாணவர்கள் ஒரு வேன் ஒழுங்கு செய்கிறார்கள். தனியாகப் போக முடியாத பெரியவர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் பெயரைத் தாருங்கள். சீனி, பிரஷர் கிளினிக் கொப்பியையும், குடிக்கிற மருந்துகளையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.