குச்சிக்கும் நோட்டுக்கும் நடுவே

தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

குழந்தைகள் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று உங்களிடம் வாதாட வேண்டிய தேவை இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆவது பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பதைப் பாடத்திட்டம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கொள்கையில் குறையில்லை. ஆனால் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பொருளைக் கணக்கெடுக்கும் துறை, அந்தப் பொருளைச் சுற்றி நடக்க வேண்டிய பேச்சுக்கு நேரம் ஒதுக்கவில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. 43 என்பதை நான்கும் மூன்றுமாகப் பார்ப்பதன் விளைவு. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, நான்கு கட்டும் மூன்று உதிரியும் கொடுத்தால் அந்தக் குழந்தை தானாகவே முட்டி நிற்கும். ஏழு குச்சி எடுக்க வேண்டும், கையில் இருப்பது மூன்று. ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததும் மூன்று கட்டும் பதின்மூன்று உதிரியும். இத்தனைக்கும் செலவு ஒரு பழைய விளக்குமாறுதான். ஆனால் கற்றல் இங்கே முடிந்துவிடுவதில்லை. வளையத்தைக் கழற்றும் அதே நொடியில் நோட்டில் 4ஐ அடித்து 3 என்றும், பக்கத்தில் 13 என்றும் எழுத வேண்டும். ‘இப்போது என்ன செய்தாய், அதை நோட்டில் எங்கே எழுதினாய்?’ என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி விடுபட்டால் குச்சிக் கணக்கு ஒரு விளையாட்டாகவும் நோட்டுக் கணக்கு ஒரு மனப்பாடமாகவும் தனித்தனியே கிடக்கும்.

ஆய்வும் இதையே சொல்கிறது. கணிதத்தில் கைப்பொருள்களின் பயன் குறித்த 55 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஓர் அலசல், எண்ணும் குறியும் மட்டும் வைத்துக் கற்பிப்பதைவிடப் பொருளோடு கற்பிப்பது பலன் தருகிறது என்றது. கற்றது நினைவில் நிற்பதில் பலன் நன்றாகத் தெரிந்தது. அதைப் புதிய சூழலுக்குப் பொருத்துவதிலோ மிகக் குறைவு. பொருளை எப்படிக் கையாள வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் ஏறி இறங்குகிறது என்பதும் அதில் தெரிந்தது. அட்டைப்பெட்டி நிறையத் துணைக்கருவிகள் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும் எந்த நிர்வாகமும் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வாதம் ஒன்றுண்டு. செய்து கற்பது வெறும் ஆர்ப்பாட்டம், ஆசிரியர் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதே குழந்தைக்கு நல்லது என்று. 2006இல் கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரையை இந்த அணியினர் அடிக்கடி துணைக்கு அழைப்பார்கள். அதை மதித்தே படிக்க வேண்டும். அது சாடுவது வழிகாட்டல் மிகக் குறைந்த கற்பித்தலை. நான் கேட்பதோ ஆசிரியரின் வழிகாட்டல் இன்னும் அதிகமாக வேண்டும் என்பதை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்பது அதைவிட வலுவான கேள்வி. ரிஷிவேலி முறையே பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அமரும் பள்ளிகளுக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு குழு குச்சியோடு இருக்கும்போது ஆசிரியர் இன்னொரு குழுவோடு உட்கார முடிகிறது. கரும்பலகைப் பாடத்தில் அது முடியாது. சத்தமாக இருக்கிறது, பாடமே நடக்கவில்லை என்று பெற்றோர் நினைப்பதும் உண்மைதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குழந்தையின் நோட்டைக் காட்டினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

தீராதது நேரப் பஞ்சம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று செயலியில் பதிவேற்றும் வேலை, அக்குழந்தையை அடுத்த நிலைக்கு நகர்த்த வேண்டிய நேரத்தைத் தின்கிறது. கல்வித் துறையின் இணையத் தரவுத்தளமான எமிஸில் செய்யும் பதிவுகளைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. அதைச் சங்கத்தின் கோரிக்கையாக மட்டும் பார்க்கக் கூடாது. என் கணக்கில் அது குழந்தையின் கோரிக்கை. தரவு இல்லாமல் பின்தங்கிய பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். பருவத்துக்கு ஒருமுறை, வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் சில குழந்தைகளுடன் உட்கார்ந்து, கணக்கைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டால் போதும். 34 என்று எழுதிய குழந்தை ஏன் அப்படி எழுதியது என்பது செயலியில் ஏறாது, அவர் காதில் விழும்.

ஆகவே வரும் கல்வியாண்டுக்கான ஆசிரியர் கையேடு அச்சுக்குப் போகும் முன் இரண்டு முடிவுகளை வேண்டுகிறேன். முதலாவதாக, ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான செயலி மதிப்பீட்டைப் பருவத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். இரண்டாவதாக, பள்ளி மானியத்தில் ஒரு பங்கை, முன் அனுமதி கேட்காமல், தராசு, அளவுக் குவளை, கயிறு, விதை என்று தலைமையாசிரியரே உள்ளூர்க் கடையில் வாங்க விடுங்கள். ரசீது மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளின் நலம் நாடும் ஒருவர்