யார் கைவிட்ட இடம்?

புதுச்சேரிக்குக் கேமராவோட வர்றவங்கள்ல ரெண்டு வகை உண்டு. மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் முன்னால ஆளை நிக்கவெச்சு எடுக்குறவங்க ஒரு வகை. அவங்களை விட்டுடலாம். பாழடைஞ்ச இடங்களைத் தேடி அலையுறவங்க அடுத்த வகை. நானும் அதுல ஒருத்தன். பூட்டிக் கிடக்கும் மில், கூரை போன குடோன், ஆலமரம் பிளந்த சுவர் என்று பதினைந்து வருசத்துக்கு மேலாகப் படம் எடுத்துச் சேர்க்கிறேன். இந்தப் பித்து எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. விடுவதாக இல்லை. எனக்குச் சண்டை, இந்தப் படங்களுக்கு அடியில் எழுதுகிற மொழியோடுதான்.

'கைவிடப்பட்ட இடம்' என்று எழுதுகிறார்கள். செயப்பாட்டுவினை. கைவிட்டது யாரு?

கடலூர் சாலையில் இருக்கிற ஏ.எஃப்.டி.யை எடுத்துக்குங்க. 1898இல் தொடங்கிய ஆலை. நம்ம சனங்களுக்கு இன்னைக்கும் அது ரோடியர் மில்தான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடிச்ச அடியிலிருந்து அது எழுந்திருக்கவே இல்லை. 2020 ஏப்ரல் 30இல் அரசே மூடிவிட்டது. தொழிலாளி மில்லைக் கைவிட்டானா? கேட்டுக்கு வெளியில நின்னு 'திறங்கய்யா'ன்னுதானே கத்துனான்? கைவிடப்பட்டது அவன். படத்தை மாட்டுகிறவர் அதுக்குக் கீழே 'காலம் தின்ற கட்டடம்' என்று கவிதையாக எழுதுகிறார். காலமா வந்து ஷட்டரை இறக்குச்சு?

சவானா மில் கதை இன்னும் பெருசு. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கு 1937இல் வந்தது அந்த ரத்தத்துக்குப் பிறகுதான். அந்த மதில் முன்னால கேமராவை வெச்சு, 'பிரெஞ்சுக் காலத் தொழிற்கூடம், அந்தி ஒளியில்' என்று மட்டும் எழுதினால், சுட்டவனுடைய கலைநயம் மிஞ்சுது. சுடப்பட்டவன் காணாமப் போயிடுறான்.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி. 1959 தொடங்கி சுரங்கக் கோபுரம், உலைக்களம், தண்ணீர்த் தொட்டி என்று சாகப்போகும் தொழிற்சாலைகளை நேருக்கு நேராக நின்று படமெடுத்தார்கள். உழைப்பைப் பார்த்தால் பிரமிப்பா இருக்கும். படத்தில் மனுசன் கிடையாது. அந்த முறையை இங்கே அப்படியே இறக்குமதி செய்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். நம்ம ஊர் மில்லில் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு வரமுடியாது. ஏன்னா, இங்கே தறிக்கும் சாதி உண்டு.

1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பிய கேள்வி அது. நூற்புப் பகுதியில் தீண்டப்படாதவனுக்கு வேலை உண்டு. கூலி கூடுதலாக உள்ள நெசவுப் பகுதிக்குள் அவன் நுழையமுடியாது. காரணம் எச்சில். தார் தீர்ந்தால் புதுத் தார் போட்டு, நாடாவின் கண்ணில் வாயை வெச்சு நூலை உறிஞ்சி இழுக்கணும். அவன் வாய் பட்ட நாடாவில் நான் எப்படி வாய் வைக்கிறது என்றான் ஆதிக்கச் சாதித் தொழிலாளி. செங்கொடிக்குக் கீழே நின்னுக்கிட்டேதான் சொன்னான். இதைத் தெரிஞ்சுக்கிட்டுத் துருப்பிடிச்ச ஒரு நாடாவைப் படம் எடுத்துப் பாருங்க. துருவோட நிறம் மட்டுமா தெரியும்?

பாழை நேசிக்கிறவங்க கிட்ட இன்னொரு கோளாறும் உண்டு. கல்லும் செங்கல்லும் நின்ற இடத்துக்குத்தான் கேமரா போகுது. இங்கே இருக்கிற பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒரு லட்சத்துக்கும் மேலான படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. பெரிய வேலை, குறை சொல்ல வரலை. ஆனா சேரிக்கு இடிபாடு ஏது? மண் சுவரும் பனையோலையும் ரெண்டு மழையில் கரைஞ்சு போகும். 2014 நவம்பரில் மழையில் விழுந்த மேரி கட்டடம், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கரைஞ்ச குடிசையை அதே தோற்றத்தில் எழுப்பணும்னு நான் கேட்கலை, யாருக்கும் அந்த ஆசை வேண்டாம். அது நின்ற இடமாவது பதிவாகணும்.

என்னால் படம் எடுக்கவே முடியாத ஒரு சுவர் இருக்கு. 1745இல் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள், பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. பெரிய பறைச்சேரி, சுண்ணாம்புப் பறைச்சேரி, உழந்தை, ஆட்டுப்பட்டி ஆகிய இடங்களிலிருந்து நம்ம சனங்க திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிபட்டது. எழுதி வைத்தவர் நம்ம ஆள் இல்லை. பின்னாளில் துய்ப்ளேக்குத் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை, தன் நாட்குறிப்பில். ஊரை 1761இல் பிடித்த ஆங்கிலேயர் அந்தக் கோயிலையும் இடித்துப்போட்டார்கள். இன்னைக்கு மிஷன் வீதியில் நிற்பது பிறகு கட்டியது. ஆக, சுவரும் இல்லை, கோயிலும் இல்லை. ஆட்டுப்பட்டி இருக்கு. உழந்தை இருக்கு. அங்கே போய் எடுக்கிற ஒரு சாதாரணத் தெருப்படம், ஊரில் உள்ள எந்தப் பாழடைஞ்ச மாளிகையின் படத்தையும் விடப் பழைய வரலாற்றைச் சொல்லும், கூட நாலு வரி எழுதினால்.

அந்த நாலு வரிக்குத்தான் இப்போ ஆள் வேணும். மில்லில் கடைசியாக வேலை பார்த்தவர்கள் டீக்கடைகளில் உட்கார்ந்திருக்காங்க. அவங்க அப்பாமார் காலத்துக் கதையும் அவங்களுக்குத் தெரியும். மாணவத் தோழர்களே, உங்க கையில செல்போன் இருக்கு. மதிலை எடுத்த பிறகு, அந்தப் பெரியவர் பக்கத்துல போய் உட்காருங்க. எந்தச் செக்‌ஷன், என்ன கூலி, எந்தத் தெருவுல இருந்து நடந்து வந்தீங்க, தறியில யார் நின்னாங்க, கழிவுப் பஞ்சு யார் அள்ளுனாங்க, சாப்பாட்டு நேரத்துல யார் கூட யார் உட்கார்ந்தாங்கன்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்குப் பதில் உடனே வராது. இன்னொரு டீ சொல்லுங்க.