ஸ்லைடட் என்றால் சிரிப்பா?

ஒக்டோபர் 29 நெருங்கினால் மீரியபெத்த மண்சரிவைப் பற்றி நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். 2014இல் அன்று காலை கொஸ்லந்தவில் தோட்ட லயங்களின் மேல் மலை சரிந்ததைச் சொல்லும்போது, 'ஸ்லைட்' வினையின் இறந்தகாலமாக 'ஸ்லிட்' வரவேண்டிய இடத்தில் 'ஸ்லைடட்' வந்துவிட்டால் போதும், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு. இப்படித் திருத்தியே சிரிக்கும் எலகியூஷன்காரர்கள் மீது எனக்குள்ள கடுப்பு இந்த வாரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அஞ்சலிக் கட்டுரையிலுமா வினைமுற்றைப் பிடித்துத் தொங்குவது!

'ஸ்லைடட்' அறியாமையில் வந்ததல்ல. எவர் வாயிலும் கேட்டிராத வடிவத்தை, கற்ற விதியிலிருந்து பிள்ளை தானே உண்டாக்கியிருக்கிறது. ஆங்கிலமும் ஆயிரம் ஆண்டாக இதைத்தான் செய்துவருகிறது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்குக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துப் பார்த்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள், இன்றும் அடங்காதிருப்பவை 98தான் என்று 2007இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 'ஹெல்ப்' வினைக்கு ஒருகாலத்தில் இறந்தகாலம் 'ஹோல்ப்', இன்று 'ஹெல்ப்ட்'. தினமும் வாயில் புழங்கும் வினைதான் பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது, எப்போதாவது வருவது விதிக்குப் பணிந்துவிடுகிறது. தலைகீழாகவும் நடந்திருக்கிறது. தோண்டினார்கள் என்பதற்கு 1611இன் கிங் ஜேம்ஸ் வேதாகமம் 'டிக்ட்' என்றது, இன்று 'டக்'. அந்த மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அப்படியானால் சாதாரண தரப் பரீட்சையில் 'ஸ்லைடட்' எழுதலாமா என்று கேட்பீர்கள். கூடாது, இன்றைய வழக்கு 'ஸ்லிட்', புள்ளியும் அதற்குத்தான். ஆனால் புழக்கம்தான் வடிவத்தை நிறுத்துகிறது என்றால், புழக்கமே இல்லாத பிள்ளையிடம் மூன்று நிரல் வினை அட்டவணையை நீட்டி மனப்பாடம் செய்யச் சொல்வதில் என்ன பயன்? தமிழில் அடி 'பட்டான்', பாயில் 'படுத்தான்' என்ற வேறுபாட்டை எந்த அட்டவணையும் நமக்குக் கற்றுத்தரவில்லை. வினைகள் கதையோடு வரவேண்டும். அந்த மலையைப் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள், போக்கிடமின்றி மக்கள் அங்கேயே இருந்தார்கள், மலை சரிந்தது, இராணுவத்தினர் மண்ணைத் தோண்டினார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்லவைத்தால் 'வார்ண்ட்', 'ஸ்டேய்ட்', 'ஸ்லிட்', 'டக்' நான்கும் வந்துவிடும். துயரத்தை இலக்கணப் பயிற்சியாக்குவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்லைடட் என்று எழுதினாலும் மலை சரிந்தது வாசிப்பவருக்கு விளங்கத்தான் செய்கிறது. முதலில் அதை வாசியுங்கள், சிவப்புப் பேனாவைப் பிறகு எடுக்கலாம்.