கல்லறையில் தாய்மொழி கூடாதா? பாட்டாக்கிய டப்ளின் பசங்க!

டப்ளின் மியூசிக் காலேஜில் சந்தித்து, கவிதை பேசிப் பேசியே நண்பர்களான ஐந்து பேரின் ராக் பேண்ட், ஃபான்டெய்ன்ஸ் டி.சி. அந்த 'டி.சி.'க்கு அர்த்தமே டப்ளின் சிட்டி! 2019-ல் வந்த முதல் ஆல்பம் 'டாக்ரெல்' முழுக்க ஊர் வாசனைதான்.

அப்புறம் லண்டனில் குடியேறினாங்க. ஊரை விட்டு வந்தா ஊர் மறந்துடும்னுதானே நினைப்போம்? இவங்களுக்கு நடந்தது உல்ட்டா.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இறந்துபோன ஓர் அயர்லாந்துப் பெண்ணின் கல்லறையில், 'என்றென்றும் எங்கள் இதயங்களில்' என்று ஐரிஷ் மொழியில் எழுத நினைத்தது அவர் குடும்பம். 2020-ல் சர்ச் நீதிமன்றம் மறுத்தது. கூடவே ஆங்கிலத்திலும் எழுதணுமாம். இல்லேன்னா அரசியல் கோஷம்னு யாராவது நினைச்சுடுவாங்களாம்! 2021-ல் மேல்முறையீட்டில் குடும்பம் ஜெயித்தது.

அதே ஐரிஷ் வாசகத்தைத் தலைப்பாக்கி, 2022-ல் 'ஸ்கின்டி ஃபியா' ஆல்பத்தின் முதல் பாட்டாக வெச்சது பேண்ட். அந்த ஆல்பம் பிரிட்டனிலேயே நம்பர் 1! கல்லறையில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட மொழியை, ரசிகர்கள் காசு கொடுத்துக் கேட்டாங்க.

அடுத்த ஆல்பமான 'ரொமான்ஸ்' கிராமி நாமினேஷன் வரை போனது. உலக மேடைக்குப் போகணும்னா ஊரையும் மொழியையும் உதறணும்னு யாராச்சும் அட்வைஸ் பண்ணினா, 'ஸ்கின்டி ஃபியா'வின் முதல் பாட்டை ஹெட்போன்ல போட்டு விடுங்க!