மூன்றாம் நாள் யார் போவது?

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே 6ஆம் திகதி தரம் ஆறும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் திறந்தன. நாடெங்கும் நடந்ததுதான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலும் நடந்தது. பெற்றார் முறை வைத்து வாசலில் நின்று புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அதுவரை தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைக்க மட்டும் வந்த தகப்பன்மாருக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் வகுப்பாசிரியரும் பழக்கமானார். பயம் தணிந்தது, முறைப்பட்டியலும் போயிற்று.

எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பைக்குள் என்ன வருகிறது என்று பார்க்க அத்தனை பேர் திரண்டோம். எந்தப் பிள்ளை வரவில்லை என்று பார்க்க ஒருவரும் நிற்கவில்லை.

தரம் பத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பா கடலுக்குப் போகிறவர், வீட்டில் அம்மம்மா மட்டும். திங்கள் அவன் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. இடாப்பில் பதிவாகிறது, அவ்வளவுதான். புதன்கிழமை அவன் எங்கே நிற்கிறான் என்று ஓட்டோ தரிப்பிடத்தில் கேட்டால் சொல்வார்கள். பாபுல் விற்கிறவனுக்கும் தெரியும். பாடசாலைக்குத்தான் தெரியாது.

சட்டத்தில் குறையில்லை. 1998இல் 14 வயது வரை கட்டாயமான கல்வி, 2016இல் 16 வயது வரை நீண்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் 1998இல் வந்ததுதான்; அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் எத்தனையோ சுவர்களில் ஒட்டியிருக்கிறது. ஆட்களுக்கும் பஞ்சமில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மாகாணத் திணைக்களத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிசில் சிறுவர் பெண்கள் பணியகம், ஊருக்குக் கிராம அலுவலர், பாடசாலைக்குள் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். இவர்களை ஒரே மேசையில் இருத்திப் படம் எடுப்பதும் நமக்குக் கைவந்த கலை. ஆனால் மூன்றாம் நாள் அந்த அம்மம்மாவின் படலையைத் தட்டுவது யார்?

எல்லாருக்கும் பொறுப்பு என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் துறைமுகக் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவில் பார்த்தோம். குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருக்க, சனம் மிதவைப் படகை நம்பியிருந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டார்கள். பொறுப்பு யாருடையது என்ற வாக்குவாதம் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

பொலிசே போகட்டும் என்று சொல்வது சுலபம். இந்த ஊரில் அது அவ்வளவு சுலபமில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். பொலிஸ் ஜீப் வாசலில் நின்றால் திருகோணமலைத் தாய் ஒருத்தி முதலில் செய்வது பிள்ளையைப் பின்கதவால் அனுப்புவதுதான். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே முதலில் போகிறவர் சீருடைக்காரராக இருக்கக் கூடாது. கையில் படிவத்தோடு போகிறவரும் வேண்டாம். கோயில் பரிபாலன சபையில் ஒருவர், பங்கில் ஒரு சிஸ்டர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், அதே ஒழுங்கையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர். "அம்மம்மா, தம்பிக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடியவர்களாக இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் திரும்பி வரலாம். சப்பாத்து இல்லாததால் வரவில்லை என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வாங்கிக் கொடுக்கலாம். அடியோ போதையோ வேறு கொடுமையோ என்றால்தான் உத்தியோகத்தர்களின் வேலை தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஊர்க்காரர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சமாதானம் பேசுகிறோம் என்று நடுவில் நின்று மூடி மறைக்கிற பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், விளையாட்டுப் போட்டிச் செலவைப் பேசி முடித்த பிறகாவது, வகுப்புக்கு ஒருவரின் பெயரை எழுதி வையுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் வகுப்பாசிரியரின் இடாப்பின் முதற் பக்கத்தில் இருக்கட்டும்.